நின்ற வண்டியில் பெட்ரோல் ஏன் சொட்டுகிறது?

கரடுமுரடான பாதையில் ஓடிய ஏ.டி.வி.யை நிறுத்தியபின் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால், முதல் சந்தேகம் நீடில் வால்வு மேல்தான். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, அந்த வால்வின் ஊசியை மேலே தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும்; தண்ணீர்த் தொட்டி மிதவை மாதிரி. ஊசிமுனையில் ஒரு தூசி சிக்கினாலே அடைப்பு பிடிக்காது.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டு ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பர் முனையைச் சுற்றி வளையமாகத் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். உள்ளீடற்ற மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை.

இதையெல்லாம்விட முக்கியம், ஆயில் குச்சியை முகர்ந்து பார்ப்பது. வழிந்த பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கலாம். வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.