வெண்பனிக்குள் போகும் ரயில்

கொடைக்கானலில் குளிர்கால விடியலில் புல்வெளி வெளுப்பது உறைபனியால். வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். பஞ்சுபோல் விழும் வெண்பனியை ரயில் ஜன்னலோரம் அமர்ந்து பார்க்க விரும்பும் பெரியகுளத்துத் தம்பதிகள் காஷ்மீர்வரை போகலாம். ஊரில் ரயில் நிலையம் இல்லாததால் தேனியிலோ கொடைரோட்டிலோதான் ரயிலேற வேண்டும்.

காஷ்மீருக்குள் செல்லும் கத்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் 2025 ஜூன் 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டது; பயணம் சுமார் 3 மணி நேரம். வழியிலுள்ள செனாப் பாலம் ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம், ஈபிள் கோபுரத்தையும் மிஞ்சியது. ஆனால் கத்ரா–பனிஹால் இடையே 111 கி.மீ.யில் ஏறக்குறைய 97 கி.மீ. சுரங்கம். பாலமும் கண்சிமிட்டும் நேரத்தில் கடந்துவிடும்.

கண்ணுக்கு விருந்து பனிஹாலுக்கு அப்பால்தான். 11 கி.மீ. நீளமுள்ள பீர் பஞ்சால் சுரங்கத்தின் இருட்டைத் தாண்டினால் பள்ளத்தாக்கு விரியும். ஜனவரியில் பனி விழுந்திருந்தால் வயல், கூரை, ஆப்பிள் தோப்பு எல்லாம் வெள்ளை. பனிஹால்–பாரமுல்லா பாதையில் 2023-இல் கண்ணாடிக் கூரைப் பெட்டியும் வந்தது. குழாய்த் தண்ணீர் உறையாதிருக்க வந்தே பாரத்தில் சூடேற்றிகள் உண்டு.

இந்தப் பயணத்தைக் குழுச் சுற்றுலாவாகச் சென்றால், தங்குமிடம், சாப்பாடு, காஷ்மீரின் குல்மார்க் ரோப்கார் சீட்டு ஆகியவற்றை வழக்கமாக வழிகாட்டி கவனித்துக்கொள்வார். கம்பளி உடையும் வழுக்காத காலணியும் அவரவர் பொறுப்பு.