காருக்கும் ஒரு வடிகட்டி

எங்கள் வீட்டுக் காருக்குக் காலையில் மட்டும் ஒரு வியாதி. சாவியைத் திருப்பியதும் 'கடகட'வென்று இரண்டு விநாடி சத்தம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாக ஓடும். மத்தியானம் கிளப்பினால் சத்தம் இராது. "குளிர்தான், வேறொன்றுமில்லை" என்றார் என் கணவர். சித்திரை மாதத்தில் சென்னைப் பட்டணத்தில் காருக்குக் குளிர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் காரைத் தொடுவதற்கு முன்பே, "போன தடவை ஆயில் எங்கே சார் மாத்தினீங்க?" என்று கேட்டார். இவர் நெளிந்தார். வேறொரு கடையில் எண்ணெய் வடிகட்டி எண்பது ரூபாய் மலிவாகக் கிடைத்ததாம். அங்கேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"அதாங்க சத்தம் போடுது!"

புது வடிகட்டி மாட்டியதும் மறுநாளே சத்தம் போய்விட்டது. எனக்குத்தான் ஆசை விடவில்லை. கழற்றிய டப்பாவைக் கேட்டேன். அதோடு, இதே மாதிரிக் காரிலிருந்து எடுத்த அசல் கம்பெனி டப்பா ஒன்றையும், விலை உயர்ந்த ரகம் ஒன்றையும் கொடுத்து, மூன்றையும் அவரே வெட்டியும் தந்தார். ரம்பத்தால் அறுக்கக் கூடாதாம். அறுத்தால் இரும்புத் தூள் உள்ளே விழுந்து, எஞ்சினிலிருந்து வந்த தூள் எது, ரம்பத் தூள் எது என்று தெரியாமல் போய்விடும். தகர டப்பா திறக்கிற கருவி போல ஒன்று வைத்திருக்கிறார்கள்.

பின்கட்டில் பத்திரிகைத் தாளை விரித்து உட்கார்ந்தேன்.

வெளிப் பார்வைக்கு மூன்றும் அக்கா தங்கைகள்தான். அடித்தட்டில் நடுவே பெரிய துவாரம், சுற்றிலும் சிறு துவாரங்கள். எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே உள்ளே போய், மடித்து வைத்த காகிதத்தின் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகக் கசிந்து, நடுத் துவாரத்தின் வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது. காபி ஃபில்டர் கதைதான். ஆனால் காபி ஃபில்டரில் டிகாக்ஷன் தானாகச் சொட்டும். இங்கே பம்பு அழுத்தித் தள்ளுகிறது. சூடோ நூறு டிகிரியைத் தொடும்.

அந்தக் காகிதம் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்குப் புடவைக் கொசுவம்தான் ஞாபகம் வந்தது. அசல் டப்பாவில் மடிப்புக்கு மடிப்பு ஒரே இடைவெளி. மலிவு டப்பாவிலோ, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் சொருகிய கொசுவம்! ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் பிளவு. பிரித்துப் பூக்காரி மாதிரி முழம் போட்டேன். அசல் மூன்று முழம். மலிவு ஒன்றரை முழம்தான். பரப்பு குறைந்தால் அழுக்கு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

எதைப் பிடிக்க இவ்வளவு பாடு? ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். நல்ல வடிகட்டி 20, 30 மைக்ரான் அளவுத் துகளைக் கூடப் பிடிக்கும். எஞ்சினுக்குள் சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் அவ்வளவு மெல்லியது. அதில் ஒரு மணல் புகுந்தால் உரசித் தேய்த்துவிடும்.

காலைச் சத்தத்துக்குக் காரணம் ஒரு ரப்பர் வளையம். எஞ்சின் நின்ற பிறகு டப்பாவிலுள்ள எண்ணெய் வழிந்து கீழே போய்விடாமல் தடுப்பது அதன் வேலை. டப்பா படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டியிருக்கும் கார்களில் அது ரொம்ப அவசியம். எங்கள் மலிவு டப்பாவில் அது பழைய அப்பளம் போல விறைத்து, ஓரம் தூக்கிக் கிடந்தது. இரவெல்லாம் எண்ணெய் வழிந்துவிடும். காலையில் டப்பா மறுபடி நிரம்பும் வரை எஞ்சினின் மேல் பாகங்கள் எண்ணெயில்லாமல் அலறும். சாதாரணக் கறுப்பு ரப்பர் சூட்டில் நாளடைவில் இறுகும். சிலிக்கோன் ரப்பர் அதிக நாள் தாங்கும். அது பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. நிறத்தை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள், சாயம் யார் வேண்டுமானாலும் போடலாம்.

இன்னொரு உறுப்பு, ஸ்பிரிங் வைத்த சிறு கதவு. காகிதம் அடைத்துக்கொண்டால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையாவது எஞ்சினுக்கு அனுப்பும். பட்டினியை விடப் பழஞ்சோறு மேல் அல்லவா? மலிவு டப்பாவில் அந்த ஸ்பிரிங் விரலால் தொட்டதுமே அமுங்கியது. கதவு எப்போதும் திறந்த வீடுதான்.

ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. காகித மடிப்பின் மேலும் கீழும் வட்டத் தகடுகளை ஒட்டியிருப்பார்கள். சில டப்பாக்களில் தகட்டுக்குப் பதில் அட்டை இருக்கும். ஒட்டு சரியாயிருந்தால் அதில் தோஷமில்லை. எங்கள் டப்பாவில் தகடுதான், பளபளவென்று. ஒட்டுத்தான் கால் பங்கு விட்டுப் போயிருந்தது! ஆறு மாதமாக எண்ணெய் அந்தச் சந்து வழியே அழுக்கோடு சுகமாகப் போய் வந்திருக்கிறது. இதற்குச் சத்தமே கிடையாது. அந்த ரப்பர் மட்டும் நன்றாக இருந்திருந்தால், எஞ்சினைப் பிரித்துப் பல பத்தாயிரம் செலவழிக்கும் நாள் வரை எங்களுக்கு ஒன்றும் தெரிந்திராது. எரிச்சல் மூட்டிய 'கடகட'வுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

மூன்றாவது, விலை உயர்ந்த டப்பாவில் காகிதத்துக்குப் பதில் துணி போன்ற செயற்கை நார். பின்னால் கம்பி வலைத் தாங்கல். நுண்ணிய தூளைப் பிடிக்கும், நிறைய அழுக்கைத் தாங்கும். நீண்ட இடைவெளியில் எண்ணெய் மாற்றுகிறவர்களுக்கு உகந்தது. வருஷம் தவறாமல் எண்ணெயும் வடிகட்டியும் சேர்த்து மாற்றுகிற எங்களைப் போன்றவர்களுக்கு நடு டப்பாவே போதும் என்பது என் கட்சி.

இந்தச் சமாசாரத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1923-ல் ஸ்வீட்லாண்ட், கிரீன்ஹால்ஜ் என்ற இரு அமெரிக்கர்கள் காருக்கு எண்ணெய் வடிகட்டி கண்டு, 'பியூரோலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் வந்த ஃபோர்டு 'டி' மாடல் காரில் வடிகட்டியே இல்லை. நம் அம்பாஸடரில் திருகு டப்பாவுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் இருந்தது; உள்ளேயிருக்கும் வடிகட்டியை மட்டும் மாற்றுவார்கள். இப்போது சில புதுக் கார்கள் அந்த வழிக்கே திரும்பிவிட்டன. அவற்றில் மடிப்பும் ஒட்டும் கண்ணுக்கு நேரே தெரிவதால் ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

மூடிய டப்பாவானால், சிறு துவாரங்கள் வழியே எட்டிப் பார்த்து ரப்பர் வழவழப்பாக, வளையக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுத் துவாரத்தின் மரை பிசிறில்லாமல் இருக்க வேண்டும். பழையதைக் கழற்றும்போது அதன் கேஸ்கட்டும் கூடவே வந்ததா என்று கேளுங்கள். நம் குக்கர் கேஸ்கட் போன்ற வளையம்தான். பழையது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை மாட்டினால், ஓடும்போது எண்ணெய் முழுவதும் பீய்ச்சியடித்துவிடும். அசல் டப்பா வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்தே குப்பையில் போடுங்கள். முழுசாய்ப் போட்டால் அதற்குள் போலி புகுந்து மறுபடி கடைக்கு வரும்.

போன வாரம் மைத்துனர் தம் காருக்கு வடிகட்டி வாங்கக் கிளம்பினார். துணைக்குப் போன என் கணவர், கடையில் டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"என்ன சார் தேடறீங்க?" என்றாராம் கடைக்காரர்.

"எண்பது ரூபாய்" என்றாராம் இவர்.