பில்லமரின் ஈஸ்டும் கருத்த சிறுநீரும்

காலையில் போகும் முதல் சிறுநீர் கோலா நிறத்தில் இருக்கும். பகல் ஏற ஏற நிறம் வெளுத்துவிடும். ஆளுக்கோ சோகை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பிஎன்எச் என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த அரிய நோயில் சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன. அவற்றின் சிவப்பு நிறமிதான் சிறுநீரில் இறங்குகிறது. உடைப்பவை நோயாளியின் ரத்தத்திலேயே ஓடும் காம்ப்ளிமென்ட் புரதங்கள்.

இவற்றின் தடயத்தை 1895இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ழூல் போர்டே பிடித்தார். தடுப்பாற்றல் பெற்ற விலங்கின் சீரத்தை 55 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், காலரா கிருமியைக் கொல்லும் திறன் போய்விடும். அந்தக் கிருமியையே பார்த்திராத விலங்கின் புதுச் சீரத்தைக் கொஞ்சம் ஊற்றினால் திறன் திரும்பிவிடும். சூட்டைத் தாங்குவது ஆன்டிபாடி. தாங்காதது எல்லா ரத்தத்திலும் இருக்கும் காம்ப்ளிமென்ட். ஆன்டிபாடி ஆளைக் காட்டிக் கொடுத்த பிறகே காம்ப்ளிமென்ட் அடிக்கும் என்பது அடுத்த அரை நூற்றாண்டுப் பாடம்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லூயிஸ் பில்லமர் அந்தப் பாடத்தில்தான் கை வைத்தார். அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்டின் செல்சுவரிலிருந்து கிடைக்கும் சைமோசான். அதைச் சீரத்தோடு உடல் வெப்பத்தில் கலந்தால், காம்ப்ளிமென்டின் நடுநாயகமான சி3 தீர்ந்துபோகிறது. வெப்பத்தைக் குறைத்துக் கலந்தால் சி3 தப்பிவிடுகிறது, ஆனால் வேறு ஏதோ ஒரு புரதம் ஈஸ்டில் ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறது. அந்தப் புரதம் இல்லாத சீரத்தில் மறுபடி சைமோசானைப் போட்டு, இம்முறை சூட்டிலேயே வைத்தாலும் சி3 அசையவில்லை. எளிய சோதனை, அழகான சோதனை. 1954இல் ‘சயன்ஸ்’ இதழில் அந்தப் புரதத்துக்குப் ப்ராபர்டின் என்று பெயரிட்டு, ஆன்டிபாடி இல்லாமலே காம்ப்ளிமென்ட் கிளம்ப வழி உண்டு என்றார்.

பத்திரிகைகள் கொண்டாடின. சக ஆய்வாளர்களோ, சீரத்தில் ஒளிந்திருந்த ஆன்டிபாடியைத்தான் இவர் புதுப் புரதம் என்கிறார் என்று சொல்லத் தொடங்கினர். 1957இல் பில்லமர் 49 வயதில் இறந்தபோதும் சர்ச்சை தீரவில்லை. அவருடன் வேலை செய்தவர்கள் 1968இல் ப்ராபர்டினைச் சுத்தமாகப் பிரித்து, அது ஆன்டிபாடி அல்ல என்று காட்டினார்கள். அறிவியலில் நியாயம் கிடைக்கும்தான். உரியவர் உயிரோடு இருக்கையில் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்று நாம் அறிந்த கதை பில்லமர் சொன்னதைவிட விசித்திரமானது. காம்ப்ளிமென்ட் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. சிம்மில் வைத்த அடுப்பு போல எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கிறது. சி3 தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது. காரணி பி, காரணி டி ஆகியவற்றின் துணையோடு அது மேலும் சி3யை வெட்ட, வெட்டுப்பட்ட துண்டு பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் போய் ஒட்டும். அது கிருமியா, நம் செல்லா என்று பார்க்காது. கிருமியில் ஒட்டினால் வேலை பெருகி, கடைசியில் சி9 மூலக்கூறுகள் வளையமாகக் கூடிச் சவ்வில் துளை போடும். நம் செல்களில் ஒட்டினால், மேலே நிற்கும் சிடி55, சிடி59 என்ற புரதங்கள் அதை அங்கேயே நிறுத்திவிடும்.

பிஎன்எச் நோயாளியிடம் இல்லாமல் போவது இந்தத் தடைதான். எலும்பு மஜ்ஜையின் ஒரு மூலச் செல்லில், பிறந்த பிறகு, பிக்-ஏ என்ற மரபணு பழுதாகிறது. சிடி55, சிடி59 இரண்டையும் சவ்வில் பிடித்து வைக்கும் கொழுப்பு நங்கூரத்தைச் செய்ய அந்த மரபணு வேண்டும். அது கெட்டதும் அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் வெற்றுடம்போடு ரத்தத்துக்கு வருகின்றன. இந்தச் சிவப்பணுக்கள் உடைய ப்ராபர்டின் தேவை என்று பில்லமர் குழுவே 1956இல் எழுதியிருந்தது.

2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எகுலிசுமாப், சி5 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு துளை விழாமல் தடுக்கிறது. இரு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளில் ஒன்று. ஆனால் சி3 துண்டுகள் சிவப்பணுவில் ஒட்டுவதை அது நிறுத்தாததால், பலருக்குச் சோகை முழுதாக மாறவில்லை. 2023இல் வந்த இப்டகோபான் காரணி பி-யை முடக்குகிறது, அதாவது பில்லமர் காட்டிய வழியையே அடைக்கிறது. தினம் இருவேளை விழுங்கும் கேப்ஸ்யூல். இந்த மருந்துகளுக்கு ஒரு விலை உண்டு, பணத்தைச் சொல்லவில்லை: மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமியை அடக்க உடல் பெரிதும் நம்பியிருப்பது காம்ப்ளிமென்டைத்தான். அதனால் முதலில் அதற்கான தடுப்பூசி, பிறகே மருந்து. அதற்குப் பிறகும் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.