கொல்லைக் குளத்துக்கு ஒரு ஜல்லிப் பாத்தி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



நம்மில் பலருடைய வீட்டுக் கொல்லையிலும் சில மதரஸா வளாகங்களிலும் சிறிய குளமோ சிமெண்ட் தொட்டியோ இருக்கிறது. பிள்ளைகள் மீன் பார்க்கவும், பறவைகள் நீர் அருந்தவும், முற்றம் குளிர்ச்சியாக இருக்கவும் ஆசையோடு கட்டியவை அவை. கட்டிய சில மாதங்களில் நீர் பச்சையாகிவிடுகிறது, வாடையும் வருகிறது. உடனே மோட்டாரைப் போட்டு நீர் முழுவதையும் தெருச் சாக்கடையில் இறைத்துவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஆழ்துளைக் கிணற்று நீரால் மறுபடி நிரப்புகிறோம். சில வாரங்களில் மீண்டும் பச்சை.

இந்த வேலையால் எவ்வளவு நீர் போகிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குளத்தின் கொள்ளளவு 180 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம், ஏறத்தாழ 5,100 லிட்டர். கிராமப்புற வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம் 18 நாட்கள் புழங்கக்கூடிய நீரை ஒரு காலைப்பொழுதில் சாக்கடைக்கு அனுப்புகிறோம் என்று பொருள். இரு கை சேர்த்து அள்ளும் ஒரு ‘முத்து’ அளவு நீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அவர்களின் உம்மத்தினராகிய நமக்கு இந்த வீண்விரயம் தகுமா?

குளத்தை மூடிவிடச் சொல்லவில்லை. இறைக்காமலேயே நீரைத் தெளிவாக வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. குளத்தை ஒட்டி ஜல்லி நிரப்பிய சிறு தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் செடி நட்டு, குளத்து நீரை அதன் வழியே சுற்றவிடுவதுதான் அது. நாம் இதை ஜல்லிப் பாத்தி என்றே அழைப்போம்.

நீர் ஏன் பச்சையாகிறது?

பச்சை நிறம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசியால் வருகிறது. அதற்கு வேண்டியவை வெயிலும் உரமும். உரத்தைத் தருபவர்கள் நாம்தான். மீனுக்குப் போடும் தீனி, மீனின் கழிவு, விழுந்து அழுகும் இலை ஆகியவற்றிலிருந்து அம்மோனியாவும் பாஸ்பேட்டும் நீரில் கலக்கின்றன. அம்மோனியா கூடினால் மீனும் சாகும்.

இயற்கையில் இதற்கு ஓர் ஏற்பாட்டை அல்லாஹ் வைத்திருக்கிறான். கல்லின் மேல் வழவழப்பாகப் படியும் மெல்லிய படலத்தில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டைச் செடியின் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. உரம் செடிக்குப் போய்விட்டால் பாசிக்கு உணவில்லை.

நாம் குளத்தை இறைத்துச் சுவரைத் தேய்க்கும்போது அந்தப் படலத்தையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோம். புது நீர் வருகிறது, மீன் மறுபடி கழிவிடுகிறது, அதைக் கையாள அங்கே ஆள் இல்லை. அதனால்தான் எத்தனை முறை இறைத்தாலும் பச்சை திரும்பி வருகிறது. ஜல்லிப் பாத்தி செய்யும் வேலை, இந்த நுண்ணுயிர்கள் குடியிருக்க ஆயிரக்கணக்கான கற்களின் மேற்பரப்பைக் கொடுத்து, அவற்றிடம் நீரை ஓயாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

அளவு

பாத்தியின் பரப்பு குளத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இருக்கலாம். மேலே சொன்ன குளத்தின் பரப்பு 60 சதுர அடி. அதற்கு 5 அடிக்கு 3 அடி, அதாவது 15 சதுர அடிப் பாத்தி போதும். ஜல்லியின் உயரம் 1 அடி. 15 கன அடி ஜல்லி என்பது கால் யூனிட்டுக்கும் குறைவு. ஆனால் எடை அரை டன்னைத் தாண்டும். ஆகவே மொட்டை மாடியிலோ சன்ஷேடிலோ பொறியாளரைக் கேட்காமல் இதைக் கட்டக் கூடாது. உறுதியான தரையில்தான் வைக்க வேண்டும்.

பம்ப் இரண்டு மணி நேரத்தில் குளத்து நீர் முழுவதையும் ஒருமுறை சுற்றிவிடக்கூடியதாக இருக்கட்டும். நம் குளத்துக்கு மணிக்கு 2,500 லிட்டர் வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, நீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைப்பது. நீங்கள் ஏற்றப்போகும் உயரத்தில் எவ்வளவு தரும் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். 40 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம், இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேரும். இந்தச் செலவையும் எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

கட்டும் முறை

1. குளத்தை ஒட்டிச் செங்கல் தொட்டி கட்டலாம். அல்லது பள்ளம் தோண்டித் தடித்த தார்ப்பாய் விரிக்கலாம். ஜல்லியின் உயரத்தைவிடச் சுவர் 3 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். பாத்தியின் நீர்மட்டம் குளத்தின் நீர்மட்டத்தைவிடச் சற்று மேலே இருந்தால்தான் நீர் தானாகத் திரும்பி விழும்.

2. புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும். அது மீனுக்கு ஆகாது. தொட்டியில் நீர் நிரப்பி ஒரு வாரம் வைத்து வெளியேற்ற வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்த பிறகே குளத்தோடு இணைக்க வேண்டும்.

3. பாத்தியின் அடியில் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் போட்டு, இருபுறமும் கிளைக் குழாய் பிரியுங்கள். குழாய்களில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக 8 மில்லிமீட்டர் துளையிட்டு, துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு வையுங்கள். குழாயின் கடைசி முனையை ஜல்லிக்கு மேல் வரை செங்குத்தாக உயர்த்தி மூடி போடுங்கள். பின்னாளில் வண்டலை வெளியேற்ற இதுவே வழி.

4. அடியில் 4 அங்குலம் முக்கால் ஜல்லி, அதன்மேல் 8 அங்குலம் அரை ஜல்லி. தூசி போகும்வரை நன்றாக அலசிய பிறகே கொட்ட வேண்டும். சுண்ணாம்புக்கல் வேண்டாம். மணலோ மண்ணோ அறவே கூடாது. இடைவெளிகளை அடைத்துவிடும்.

5. பம்ப்பைக் குளத்தின் மறுகோடியில் வையுங்கள். அது நீரைப் பாத்தியின் அடிக்குழாய்க்குத் தள்ளும். நீர் ஜல்லியின் ஊடே மெல்ல மேலேறி, இரண்டு அங்குல வெளிவாய் வழியாகக் குளத்தில் விழும். வெளிவாயில் திருப்பக்கூடிய ஓர் எல்போ இருக்கட்டும். அதன் பயன் பின்னால் தெரியும்.

6. ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழேயே நீர் நிற்க வேண்டும். பாத்தியில் திறந்த நீர் தெரியக் கூடாது. தெரிந்தால் கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வெப்பமான நீரில் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். குளத்திலும் புழுவைத் தின்னக் கப்பி மீன்கள் இருக்கட்டும். ஆனால் அவற்றை ஊர்க் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்.

நீருக்குள் மின்சாரம் செல்கிறது என்பதால் எர்த் இணைப்பும், கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். தவழும், நடக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் குளத்தின் மேல் கம்பி வலை அல்லது சுற்றிலும் தடுப்பு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

என்ன செடி நடலாம்?

கல்வாழை, சேம்பு, வசம்பு, வெட்டிவேர், நீர்ப்பிரம்மி, வல்லாரை ஆகியவை நம் வெயிலைத் தாங்கி நன்றாக வளரும். வேரிலுள்ள மண்ணை முழுவதும் அலசிவிட்டு, வேரை நேராக ஜல்லிக்குள் புதைக்க வேண்டும். சதுர அடிக்கு ஒரு செடி போதும், தானே பரவிக்கொள்ளும். நாணலும் சம்புவும் வேண்டாம். அவற்றின் வேர் குழாயை அடைப்பதோடு தார்ப்பாயையும் துளைக்கும். ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பது ஊர்க் குளங்களைப் பார்த்த நமக்குத் தெரியும்.

செடியை வெட்டுவதும் இந்த முறையின் ஒரு பகுதிதான். பூத்து முடிந்த தண்டையும் பழுத்த இலையையும் வெட்டி அப்புறப்படுத்தினால்தான் செடி உறிஞ்சிய சத்து குளத்தை விட்டு வெளியேறும். அங்கேயே அழுகவிட்டால் அது மறுபடி நீருக்கே திரும்பும். வெட்டியதைத் தென்னைக்கும் வாழைக்கும் போடுங்கள். பாத்தியில் விளையும் வல்லாரையைப் பச்சையாக உண்ண வேண்டாம்.

பராமரிப்பு

முதல் ஐந்து, ஆறு வாரங்கள் பொறுமை தேவை. நுண்ணுயிர் பெருகி, வேர் பிடிக்கும்வரை நீர் பச்சையாகவே இருக்கும். அந்த நேரத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் பாசியோடு நுண்ணுயிரும் மீனும் சாகும். பாத்தி வைத்த குளத்தில் பிளீச்சிங் எப்போதும் கூடாது.

பம்ப் எந்நேரமும் ஓட வேண்டும். சில மணி நேர மின்வெட்டால் கெடுதியில்லை. அரை நாளுக்கு மேல் நின்றால் பாத்திக்குள் பிராணவாயு தீர்ந்து, அழுகிய முட்டை வாடை வரும். அப்போது பம்ப்பைப் போட்டதும் எல்போவைத் திருப்பி, வாடை நிற்கும்வரை நீரை மரத்துக்கு விட்டுவிட்டு, பிறகு குளத்துக்குத் திருப்புங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டல் குழாயின் மூடியைத் திறந்து, கீழே தேங்கியதை வெளியேற்றி மரத்துக்கு ஊற்றுங்கள். மீனுக்கு ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் தீனி மட்டும் போடுங்கள். கோடையில் ஆவியாகும் நீரும் செடி குடிக்கும் நீரும் சேர்ந்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று வாளி ஊற்ற வேண்டிவரும். மாதம் 5,000 லிட்டரை இறைத்துக் கொட்டுவதோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு.

இந்த நீரில் உளூச் செய்யலாமா?

இக்கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

முதலாவது மார்க்கச் சட்டம். பாசியாலோ நெடுநாள் தேங்கியதாலோ மட்டும் நிறம் மாறிய நீர் அதனால் தூய்மைப்படுத்தும் தன்மையை இழப்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் அளவை எட்டிய நீர், நஜீஸ் விழுந்து அதன் நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை சுத்தமானதே. 5,100 லிட்டர் அதைவிடப் பல மடங்கு. ஹனஃபி மத்ஹபில் பெரிய நீர்நிலைக்குப் பத்துக்குப் பத்து முழம் என்ற அளவு வழங்கிவருகிறது. ஒன்றரை அடி முழத்தில் அது 225 சதுர அடி. நம் 60 சதுர அடிக் குளம் அதற்குள் வராது. எனவே நஜீஸ் விழுந்தால் சட்டம் வேறு. உங்கள் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இரண்டாவது உடல்நலம். ஜல்லிப் பாத்தி நீரைத் தெளிய வைக்கும், நோய்க்கிருமிகளைக் கொல்லாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒரு வகை அமீபா, மூக்கின் வழியாக ஏறி மூளையைத் தாக்குகிறது. நோய் அரிது, ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. கராச்சியில் இந்நோயால் பலர் இறந்திருக்கிறார்கள். உளூவின்போது மூக்கில் செலுத்திய நீரும் அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது. அண்டை மாநிலமான கேரளத்திலும் 2024, 2025 ஆண்டுகளில் இந்நோய் காணப்பட்டது. ஆகவே, நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும், பாத்தி வைத்த குளத்து நீரை வாய் கொப்பளிக்கவோ மூக்கைச் சுத்தம் செய்யவோ பயன்படுத்தாதீர்கள். அதில் பிள்ளைகள் முங்கிக் குளிக்கவும் விடாதீர்கள். உளூவுக்குக் குளோரின் கலந்த குழாய் நீரே போதும், அதையும் மெல்லிய தாரையாகத் திறந்து.

உடல்நலத்தைப் பார்ப்பது மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயமல்ல. கழிவுநீரைச் சுத்திகரித்து உளூவுக்குப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்த சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, 1978-இல் அதை அனுமதித்தபோது, உடலுக்குத் தீங்கு நேரக் கூடாது என்பதையும் கருத்தில் கொண்டே அனுமதித்தது. நீர் சுத்தமா என்பது ஒரு கேள்வி, அது தீங்கற்றதா என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் கேட்டே நடக்க வேண்டும்.

கோடை தொடங்குவதற்கு முன் பாத்தியை அமைத்தால், நிலத்தடி நீர் இறங்கும் மாதங்களில் உங்கள் குளம் இறைப்பு கேட்காது. ஓராண்டில் கல்வாழையும் வசம்பும் பாத்தியை நிறைத்துவிடும். அதிகமானதைப் பிரித்து, அடுத்ததாகப் பாத்தி அமைக்கும் ஜமாஅத்தாருக்குக் கொடுத்து உதவுங்கள். ஒருவர் தரும் நாற்று, இன்னொரு வீட்டில் பல்லாயிரம் லிட்டர் நீரைக் காக்கும்.

நிஃமத்தான நீரை வீணாக்காமல் பேணும் மக்களாக நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்