முறைப்பாடும் கையொப்பமும்

பொலிஸ் நிலையம் என்றவுடன் கொலையும் கொள்ளையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம்மிற் பெரும்பாலோர் அதன் படியை மிதிப்பது சிறு காரியங்களுக்காகவே. அடையாள அட்டை தொலைந்துவிட்டது. சைக்கிள் களவு போயிற்று. வேலி எல்லையில் அயலவரோடு வாய்த்தர்க்கம். மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தர் எழுதுகிறார். இப்பால் நிற்பவர் சொல்லுகிறார். முடிவில், காட்டிய இடத்தில் ஒப்பமிடுகிறார். எழுதப்பட்டது யாதென அவருக்குத் தெரியுமா? நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தச் சிறு கேள்வியையே.

பாடசாலை அதிபர் என்ற முறையில் என்னிடம் பெற்றோர் சிலர் முறைப்பாட்டுப் பிரதிகளைக் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, சேர்?" என்று கேட்பதுண்டு. பிரதி சிங்களத்தில் இருக்கும். அடியில் இருப்பதோ அவர்களுடைய தமிழ்க் கையெழுத்து. தாம் சொன்னதைப் பிறர் வாயாற் கேட்டறிய வேண்டிய நிலை!

சட்டம் இந்நிலையை விரும்பவில்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு இதனைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. குற்றம் பற்றிய தகவலை ஒருவர் வாய்மொழியாகத் தரலாம்; எழுத்திலும் தரலாம். வாய்மொழியாகத் தந்தால், தரப்பட்ட மொழியிலேயே அதனை உத்தியோகத்தர் எழுதுதல் வேண்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுதல் வேண்டும். அம்மொழியில் எழுத உத்தியோகத்தருக்கு இயலாதாயின், தகவல் தருபவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத இயலாவிடின், காரணத்தைக் குறித்துவிட்டுத் தேசிய மொழிகளுள் ஒன்றில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்ற பதின்மூன்றாம் திருத்தம் வந்தது 1987 இலே; இவ்விதியோ அதற்கு எட்டு ஆண்டுகள் முந்தியது.

இத்தனை கவனம் எதற்கு? "இருட்டில் ஓர் ஆளைக் கண்டேன்" என்று ஒருவர் சொன்னது, "அயலவரைக் கண்டேன்" என்று பதிவாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மாதங்கள் பல கழிந்து நீதவான் முன்னிலையில் சாட்சிக் கூட்டில் நிற்கும்போது, "இது உம்முடைய கையொப்பந்தானே?" என்று சட்டத்தரணி கேட்பார். அப்போது மெய் சொன்னவரே பொய்யராகக் காட்சியளிப்பார். அல்லது குற்றமற்ற அயலவர் மறியலுக்குப் போவார்.

வாசித்துக் காட்டும்படி கேட்பது உத்தியோகத்தரை அவமதிப்பதாகும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். சங்கக்கடையில் மிச்சக் காசை எண்ணித்தானே வாங்குகிறோம்? கடைக்காரர் கோபிப்பதில்லையே. வீதியில் அடையாள அட்டையைக் கேட்கும் பொலிசாரும் நம்மைச் சரிபார்க்கவே கேட்கின்றனர். அவ்வாறே அவர்களைச் சரிபார்க்கவும் வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. பிடியாணையோடு வருபவர், கைது செய்யப்படுபவர் கேட்டால் அதனைக் காட்டக் கடமைப்பட்டவர். கைதுக்குரிய காரணத்தை அறிவிக்க வேண்டுமென 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை கூறுகிறது. வீதிக் குற்றத் தண்டப்பணத்தைத் தபாற்கந்தோரிற் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறுகிறோம். கான்ஸ்டபிளின் கையிற் காசு கொடுப்பதில்லை. இதனால் நேர்மையான கான்ஸ்டபிளுக்கும் பாதுகாப்பு உண்டு. வாசித்துக் காட்டப்பட்ட முறைப்பாட்டை, "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று பின்னர் எவரும் எளிதில் மறுக்க முடியாதல்லவா?

தமிழ் எழுதத் தெரிந்தவர் எல்லா நிலையங்களிலும் இல்லை என்பது மெய். அது மேசையில் இருப்பவரின் குற்றமன்று. ஆட்களை நியமிப்போர் தீர்க்க வேண்டிய குறை. அதுவரையில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. புறப்படுமுன் வீட்டிலேயே, நடந்ததை நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு தமிழில் எழுதி, ஒரு பிரதியை நம்மிடம் வைத்துக்கொண்டு மற்றதைக் கையளிக்கலாம். எழுத இயலாத முதியோருக்கு மேல் வகுப்பு மாணவர் எவரும் அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுப்பர். நிலையத்திலே, "ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், ஐயா" என்று கேட்டு, பிழை இருப்பின் திருத்துவித்த பின்னரே ஒப்பமிடுக. திரும்புமுன் பதிவின் இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டிற் குறித்துக்கொள்ளுங்கள். பிரதி எடுக்கச் செல்லும்போது முதலிற் கேட்கப்படுவது அதுவே.