ஒரே ஆண்டில் ஐந்து புயல்கள்

மேற்குக் கரையில் குடியேறி வாழும் நம்மவருள் பலர், புயல் என்பது வங்கக் கடலுக்கே உரியது என்று எண்ணுவதுண்டு. நாகப்பட்டினத்தாரும் கடலூராரும் புயற் கதைகள் சொல்வர். அரபிக் கடலோ சாதுவானது என்பது நம் நினைப்பு. அந்நினைப்பை 2019-ஆம் ஆண்டு அடியோடு மாற்றிவிட்டது.

அரபிக் கடலில் ஆண்டுக்கு ஒரு புயல் தோன்றுவதே வழக்கம். 2019-இல் தோன்றியவை ஐந்து. 1902-க்குப் பின் அத்தனை புயல்களை அக்கடல் ஒரே ஆண்டில் கண்டதில்லை. ஜூனில் ‘வாயு’, செப்டம்பரில் ‘ஹிக்கா’, அக்டோபரில் ‘கியார்’, ‘மஹா’, டிசம்பரில் ‘பவன்’. முதற் பெயரும் கடைசிப் பெயரும் காற்றையே குறிப்பது நல்ல பொருத்தந்தான். கியார், 2007-இல் வந்த ‘கோனு’வுக்குப் பின் அக்கடல் கண்ட சூப்பர் புயல். அது ஓயுமுன்னரே மஹா எழுந்து, இரண்டும் ஒரே சமயத்தில் சுழன்றன.

இதற்குக் காரணம் யாது? புயலுக்கு ஆகாரம் கடலின் வெப்பம். மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஆவி மிகுந்தெழுந்து புயலுக்கு வலுவூட்டும். அவ்வாண்டு இந்துமாக்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தினும் சூடாகவும், சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருந்தன. பல்லாண்டுகளாகவே அரபிக் கடல் சூடேறி வருவதையும் அறிஞர்கள் எடுத்துக்காட்டுகின்றனர்.

வாயு குஜராத் கரையை நெருங்கித் திசை திரும்பிற்று; மஹா கரை சேருமுன் வலுவிழந்தது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. “வரும் என்றார்கள், வரவில்லையே” என்று அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யத் தோன்றும். ஒடிசா மக்கள் அவ்வாறு செய்யவில்லை. 1999-இல் அங்கே சுமார் 10,000 பேரைப் புயல் பலிகொண்டது. 2019 மே 3-இல் ‘ஃபானி’ பூரியருகே கரை கடந்தபோது, சுமார் 12 லட்சம் பேர் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். அம்மாநிலத்தில் மாண்டவர் நூற்றுக்கும் குறைவே.

புயலுக்காக ரயில்கள் ரத்தாகும்போது பயணிகள் சினங்கொள்வது இயல்பு. ஆயினும் 1964 டிசம்பரில் தனுஷ்கோடி சென்ற பாசஞ்சர் வண்டி பயணிகளுடன் அலைக்கு இரையானதை, ரயில்வேயில் பணிபுரியும் நாம் மறப்பதற்கில்லை.

இங்கே அறிவிப்புகள் மராத்தியிலும் குஜராத்தியிலும் இந்தியிலும் வருகின்றன. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் நம் முதியோர்க்கு அவை விளங்குவதில்லை. அவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்வதை ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தன் கடமையாகக் கொள்ளட்டும். தனித்திருக்கும் அண்டை வீட்டாரையும் மறவாதிருப்போமாக.