மண்ணின்றி விளையும் பயிர்

செடி எதனை உண்டு வளர்கிறது? ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில், ஆண்டுதோறும் புதிய வகுப்பினரிடம் நான் இக்கேள்வியைக் கேட்பதுண்டு. "மண்ணை உண்டு வளர்கிறது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அது இயல்பான விடையே. வேர் மண்ணுக்குள் இருக்கிறது. மண் வளம் குன்றினால் பயிர் வாடுகிறது. ஆகவே மண்ணே உணவு என்று மனம் துணிந்துவிடுகிறது. ஆனால் இன்று வீட்டு அறைக்குள், ஒரு பிடி மண்ணும் இன்றிக் கீரையும் தக்காளியும் விளைவிக்கிறார்கள். ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் இம்முறை எவ்வாறு இயல்கிறது, எந்த அளவுக்கு நமக்குப் பயன்படும் என்பவற்றைக் காண்போம்.

வான் ஹெல்மாண்ட் என்னும் ஐரோப்பிய அறிஞர் ஒரு தொட்டியில் உலர்ந்த மண்ணை 200 ராத்தல் நிறுத்து இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை அதில் நட்டார். ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். பின்னர் மரத்தை எடுத்து நிறுத்தபோது அது 169 ராத்தலுக்கும் சற்று மிகுதியாக இருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்தார். ஏறத்தாழ இரண்டு அவுன்சுதான் குறைந்திருந்தது. அவர் மறைந்த பின் 1648-ஆம் ஆண்டில் இச்சோதனை நூல்வழி வெளிவந்தது. மரம் முழுவதும் நீரினாலேயே ஆனது என்பது அவர் முடிவு. இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, ஒளியின் துணையால் உணவு சமைக்கின்றன என்பதை அக்காலத்தார் அறியார். குறைந்த இரண்டு அவுன்சையும் அவர் பொருட்படுத்தவில்லை. நம் ஆராய்ச்சிக்கு வேண்டியதோ அந்த இரண்டு அவுன்சுதான்.

1699-இல் இங்கிலாந்தில் உட்வர்டு என்பவர் புதினா வகையொன்றை மழைநீரிலும், ஆற்று நீரிலும், தோட்ட மண் கலந்த நீரிலும் வளர்த்துப் பார்த்தார். மண் கலந்த நீரில் வளர்ந்ததே செழித்தது. மண்ணிலிருந்து ஏதோ ஒன்று நீரில் கரைந்து செடிக்குச் சென்றது என்பது தெளிவாயிற்று. அந்த ஏதோ ஒன்று உப்புக்களே என்பதை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாக்ஸ், நாப் என்னும் செர்மானிய அறிஞர்கள் மெய்ப்பித்தனர். அளந்தெடுத்த சில உப்புக்களை நீரில் கரைத்து, அக்கரைசலிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினர். செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17 என்று இன்று அறிவோம். கரி, நீரகம், பிராண வாயு ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. நைட்ரஜன், பாஸ்பரம், பொட்டாசியம், கால்சியம், இரும்பு முதலிய ஏனைய 14-ஐயும் வேர் உறிஞ்சுகிறது.

ஆகவே மண் உணவன்று; உணவைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம். அது நான்கு பணிகளைச் செய்கிறது: உப்புக்களைத் தருகிறது, நீரைத் தேக்குகிறது, வேர் மூச்சுவிடக் காற்றுக்கு இடமளிக்கிறது, செடியைத் தாங்கி நிறுத்துகிறது. மண்ணை நீக்குபவர் இந்நான்கு பணிகளையும் தாமே ஏற்கவேண்டும். இதனை மறந்தவர் முயற்சியே வீணாகிறது.

கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1929 முதல் இம்முறையைப் பயிர்த்தொழிலாக்க முயன்றார். அவர் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயர்ந்தன என்ற செய்தி பெரும் வியப்பை விளைத்தது. ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் சொல்லும் 1937-இல் அவரால் வழக்குக்கு வந்தது. ஆனால் அதே பல்கலைக் கழகத்தின் ஹோக்லண்டு, ஆர்னான் என்னும் அறிஞர் இருவர் முறைப்படி ஒப்பிட்டு ஆராய்ந்து, 1938-இல் தம் முடிவை வெளியிட்டனர். நல்ல மண்ணில் விளைவதைவிடக் கரைசலில் விளைச்சல் இயல்பாகவே மிகும் என்பதற்கில்லை என்பதே அம்முடிவு. மண் இல்லாத இடத்தில்தான் இம்முறையின் அருமை தெரியும். 1930-களின் இறுதியில், பசிபிக் கடல் நடுவே பவளத் திட்டான வேக் தீவில், விமானப் பயணிகளுக்காகக் காய்கறிகள் இவ்வாறு விளைவிக்கப்பட்டன. நம் நாட்டிலும் 1940-களின் பிற்பகுதியில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்தின் கலிம்பாங்கில், விலையுயர்ந்த கருவிகளின்றி இதனைச் செய்யும் வழிகளை ஆராய்ந்தார்.

வீட்டில் செய்வதற்கு எளிய முறை ஒன்று உண்டு. ஒளி புகாத, நான்கு லிட்டர் கொள்ளும் மூடியுள்ள கலம் ஒன்று வேண்டும். ஒளி புகுந்தால் பாசி படரும். மூடியில் துளையிட்டு, அடியில் ஓட்டைகளுள்ள சிறு கிண்ணத்தைப் பொருத்தி, கழுவிய தென்னைநார்த் துகளில் முளைத்த லெட்டூஸ் கீரை நாற்றை அதில் வைக்க வேண்டும். கரைசல் கிண்ணத்தின் அடியைத் தொட்டு நிற்கட்டும். செடி பருகப் பருகக் கரைசல் தாழும்; இடையில் காற்றறை உண்டாகும். மேல்வேர்கள் அங்கே மூச்சுவிடும். கீழ்வேர்கள் நீர் அருந்தும். இரக்கப்பட்டு மீண்டும் விளிம்புவரை நிரப்பினால் மேல்வேர்கள் மூச்சுமுட்டி அழுகும். இம்முறையில் மின்விசைக் குழாய் இல்லை. எனவே மின்தடையால் கேடு இல்லை.

உரக்கரைசல் பெரும்பாலும் இரு புட்டிகளாக விற்கப்படுவதன் காரணம் அறியத் தக்கது. கால்சிய உப்பும் கந்தக உப்பும் செறிந்த நிலையில் கலந்தால் ஜிப்சமாகிப் படிந்துவிடும், வேருக்கு எட்டாது. ஆதலின் ஒன்றை மிகுந்த நீரில் கரைத்த பின்னரே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். கரைசலின் பி.எச். எண் 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருப்பது நலம். அது மிக உயர்ந்தால் இரும்பு கரையாமல் நின்று, இளந்தளிர்கள் மஞ்சளிக்கும்.

அறைக்குள் வளர்ப்பவரைப் பெரிதும் ஏமாற்றுவது ஒளி. திருவிழாவுக்கு இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரி வெளிறி நீண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். விதையில் சேமித்த உணவு உள்ளவரைதான் அவ்வளர்ச்சி. படிப்பதற்குச் சில நூறு லக்ஸ் ஒளி போதும். நண்பகல் வெயிலோ ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நம் கண்ணுக்கு வெளிச்சமான அறை செடிக்கு இருட்டறையே. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் விழும் சன்னல் வேண்டும்; இல்லையேல் எல்.இ.டி. விளக்கை 14 முதல் 16 மணி நேரம் அருகில் எரிக்க வேண்டும். கீரைகள் குறைந்த ஒளியில் நிறைவுறும். தக்காளி, மிளகாய், ஸ்ட்ராபெரி ஆகியவை மிகுதியாகக் கேட்கும். அறைக்குள் காற்றும் வண்டும் வாரா; எனவே தக்காளிப் பூங்கொத்தை நாமே மெல்லத் தட்டி, மகரந்தம் உதிரச் செய்ய வேண்டும்.

விளக்குக்கும் உரத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால், நெல்லும் கம்பும் இவ்வழியில் விளைத்து நாட்டின் பசி தீர்க்க இயலாது என்பது விளங்கும். உழவர் நிலத்துக்கு இது மாற்றன்று. நிலமற்ற அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பத்துக்குச் சிறிது பசுங்கீரை தரும். மாணவர்க்கோ வேரின் வேலையைக் கண்முன் காட்டும்.

மாணவர்களே, காசு செலவின்றி நீங்கள் இன்றே தொடங்கலாம். ஒரே அளவுள்ள மூன்று புதினாத் தண்டுகளை மூன்று புட்டிகளில் இடுங்கள். ஒன்றில் மழைநீர், ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் தோட்ட மண்ணைக் கலக்கித் தெளியவைத்த நீர் இருக்கட்டும். புட்டிகளைக் கறுப்புத் தாளால் சுற்றுங்கள்; கொசு முட்டையிடாதபடி வாயைப் பஞ்சால் அடையுங்கள். ஆறு வாரங்கள், வாரம் ஒருமுறை இலைகளை எண்ணியும் தண்டை அளந்தும் குறித்து வாருங்கள். கணக்கு எவ்வாறு வந்தாலும் அவ்வாறே எழுதுங்கள். உட்வர்டு கண்டதற்கு மாறாக வந்தால், திருத்தி எழுதாமல் அதன் காரணத்தைத் தேடுங்கள்.